ஊர்லேர்ந்து ஆச்சி வர்றாங்களா? வாண்டுங்க குதிக்கிற வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

நெல்லை, தூத்துக்குடி பக்கத்துலேர்ந்து வந்து சென்னைல குடித்தனம் பண்றவங்க வீட்டுல வழக்கமா நடக்குற கதை தான். ஆச்சி, அதான் அம்மாவைப் பெத்த பாட்டி, வர்றாங்கன்னு தெரிஞ்சா போதும், பிள்ளைங்க ஒரு வாரம் முன்னாடியே ஆட்டம் ஆரம்பிச்சிடும், வந்து இறங்கின ஒரு மணி நேரத்துல ஆச்சிக்கு தலை வலிச்சிடும், மூணாம் நாளே "எனக்கு எப்பம்மா டிக்கெட் போட்டிருக்க"ன்னு மெதுவா கேப்பாங்க. பிள்ளைங்க மேல கோவப்பட்டு என்ன பண்ண, அதுங்களுக்கு சந்தோஷத்தை அடக்கத் தெரியாது, ஆச்சிக்கு உடம்பு முடியலன்னு வாய் விட்டுச் சொல்லத் தெரியாது. நடுவுல இருக்குற நாம தான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணணும்.

நான் எங்க அம்மா வர்றப்பல்லாம் ஒரே ஒரு விதியை வச்சு தான் எல்லாத்தையும் பிளான் பண்றேன். ஆச்சி உக்காந்திருக்கணும், பிள்ளைங்க அவங்களச் சுத்தி ஓடணும். அவ்ளோ தான். விளையாட்டு, சாப்பாடு, கதை, வெளிய போறது எதுவா இருந்தாலும் இது நடக்குமான்னு மட்டும் பாருங்க. எழுபது வயசுல முட்டி தேஞ்சு போன ஒருத்தங்களை மூணு வயசுப் பிள்ளை பின்னாடி ஓட விட்டா பாசம் இருந்தாலும் இடுப்பு இருக்காது. எங்க வீட்டுல மூத்தவன் ரெண்டாங்கிளாஸ், சின்னவளுக்கு மூணு நடக்குது, அதனால கீழ சொல்றது எல்லாம் இந்த வயசுக்கு தான் அதிகமா பொருந்தும், கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கும் அங்கங்க சொல்லிருக்கேன்.

ஸ்டெப் 1: டிக்கெட் போடுறப்பவே பாதி வேலை முடிஞ்சிடும்

ரயில்ல இப்ப 60 நாளைக்கு முன்னாடி தான் ரிசர்வேஷன் திறக்கும், முன்னாடி 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர்லேர்ந்து மாத்திட்டாங்க. லீவு சீசன்னா திறந்த அன்னைக்கு காலைலயே உக்காந்துடுங்க, நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, முத்துநகர் எல்லாம் பண்டிகை நாளுக்கு நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட் போயிடும்.

லோயர் பெர்த் விஷயம் பலருக்கு சரியா தெரியல. 45 வயசு தாண்டின பெண்களுக்கும் 60 தாண்டின ஆண்களுக்கும் தனியா ஒரு லோயர் பெர்த் கோட்டா இருக்கு. ஆனா ஒரு டிக்கெட்ல அந்த வயசுக்காரங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் இருந்தா தான் அது கிடைக்கும், கூட இளசு யாரையாவது சேர்த்துட்டா கிடைக்காது. அதனால சித்தப்பா பையன் கூட வர்றான்னு அவனையும் ஒரே டிக்கெட்ல போடாதீங்க, ஆச்சிக்கு தனியா, இல்ல தாத்தாவும் ஆச்சியும் மட்டும் ஒரு டிக்கெட்ல, அவனுக்கு வேற டிக்கெட். சீனியர் சிட்டிசன் கட்டணச் சலுகை 2020 மார்ச்லேர்ந்து நிறுத்திட்டாங்க, ஆனாலும் வயசை சரியா போடுங்க, பெர்த்துக்கு அது தான் கணக்கு.

வந்தே பாரத் நல்லதா ராத்திரி வண்டி நல்லதான்னு கேப்பாங்க. நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பர்ல விட்டாங்க, எட்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து சேத்துடும், சுத்தமா இருக்கும், ஆனா முழுக்க உக்காந்தே வரணும். கால் வீங்குறவங்களுக்கு அது கஷ்டம், ராத்திரி வண்டில படுத்து வர்றது மேல். ஆனா ரயில்ல தூக்கமே வராத ஆளா இருந்தா பகல் வண்டி தான், ஏன்னா தூங்காம விடியக்காலைல வந்து இறங்குற ஆச்சிக்கிட்ட நம்ம வாண்டுங்க ஃபுல் சார்ஜ்ல போய் நிக்கும் பாருங்க, அந்த ஜோடி ஆகாது.

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கம் வீடுன்னா எக்மோர் வரைக்கும் போக விடாதீங்க, தாம்பரத்துலயே இறக்கிடுங்க. எக்மோர்ல புதுப்பிக்கிற வேலை நடக்குறதால வண்டிங்க எங்க வந்து நிக்குதுன்னு எப்படியும் ஒரு தடவை செக் பண்ணிக்கிறது நல்லது.

ஸ்டெப் 2: வீட்டுல ஒரு நாற்காலி, ஒரு பாத்ரூம், ஒரு பாதை

வீட்டையே புரட்டிப் போட வேணாம். மூணே விஷயம்.

முதல்ல நாற்காலி. சோஃபால உக்காந்தா உள்ள அமுங்கிடும், எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுக்கணும். கை வச்ச, கெட்டியான, கொஞ்சம் உயரமான ஒரு சேர், பழைய பிளாஸ்டிக் சேரா இருந்தாலும் பரவாயில்ல, ஹால்ல ஃபேனுக்குக் கீழ சுவரை ஒட்டிப் போட்டுடுங்க. சுவரை ஒட்டின்னு சொல்றது சும்மா இல்ல, பின்னாடி இடம் விட்டா சின்னது பின்னாலேர்ந்து கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்கும். பக்கத்துல ஒரு ஸ்டூல், அதுல தண்ணி சொம்பு, கண்ணாடி, போன். இனிமே இந்த வீட்டோட ஹெட் ஆபீஸ் அந்த சேர் தான்.

அடுத்தது பாத்ரூம். ரப்பர் மேட், உக்காந்து குளிக்க ஒரு ஸ்டூல், ராத்திரிக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு. பிள்ளைங்க குளிச்சிட்டு வந்த உடனே தரையைத் துடைச்சு விடுங்க, அந்த சோப்புத் தண்ணி தான் வில்லன். உள்தாழ்ப்பாள் போட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, "யாரும் வர மாட்டோம்மா, நான் பிள்ளைங்கள பாத்துக்கிறேன்"னு சொன்னா கேப்பாங்க.

மூணாவது, படுக்குற ரூம்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் உள்ள பாதை. அங்க ஒரு பொம்மை கார், ஒரு லெகோ துண்டு, ஒரு மிதியடி கூட இருக்கக் கூடாது. ராத்திரி ஒம்போது மணிக்கு "ஆச்சி ரோடு கிளீன் பண்ணணும், யாரு வண்டி ஓட்றது"ன்னு கேட்டீங்கன்னா மூத்தது துடைப்பத்தோட ஓடி வந்துடும்.

ஸ்டெப் 3: பிள்ளைங்ககிட்ட முன்னாடியே பேசி வைக்கிறது

காலண்டர்ல ஆச்சி வர்ற தேதியை வட்டம் போட்டு, தினமும் ஒரு கட்டம் அடிக்க விடுங்க. மூணு வயசுக்கு "அடுத்த வாரம்"னா புரியாது, "இன்னும் நாலு தடவை தூங்கி எந்திரிச்சா ஆச்சி"ன்னு சொன்னா புரியும். கூடவே ஆச்சி ஊருக்குப் போற தேதியையும் காட்டிடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னு கடைசில சொல்றேன்.

ரூல் ஒண்ணே ஒண்ணு தான் சொல்லணும், பத்து ரூல் சொன்னா ஒண்ணும் நிக்காது. "ஆச்சி மொதல்ல உக்காருவாங்க, அப்புறம் தான் மடி." இதை ஒரு விளையாட்டு மாதிரி ரெண்டு மூணு நாள் பழக்கி விடுங்க, நீங்களே ஆச்சியா நடிச்சு பையோட கதவைத் திறந்து வாங்க, பிள்ளைங்க உங்க கையைப் பிடிச்சு சேர் வரைக்கும் கூட்டிட்டுப் போகட்டும், உக்காந்ததும் பாயட்டும். எங்க சின்னவ இதை அவ பொம்மைக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா.

கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஏழெட்டு மாசத்துலேர்ந்து ஒன்றரை வயசு வரைக்கும் புது முகம் பாத்தா அழுறது இயல்பு, அது வளர்ச்சி தான். ஆனா ஆச்சிக்கு அது மனசுல தைச்சிடும், "என் பேரன் என்கிட்ட வரமாட்டேங்கான்"னு கண்ணு கலங்கிடுவாங்க. அதனால போன்லயே சொல்லி வைங்க, வந்ததும் கையை நீட்டித் தூக்க வேணாம், குழந்தை நம்ம இடுப்புல இருக்கட்டும், நீங்க உக்காந்து என்கிட்ட பேசிட்டே இருங்க, அது உங்களை ஓரக்கண்ணுல பாத்துப் பாத்து தானா கையை நீட்டும்னு. அவசரப்பட்டா தான் நாளாகும்.

வீட்டுல யாருக்காவது காய்ச்சல், சளி இருந்தா மறைக்காம சொல்லிடுங்க. சுகர், ஆஸ்துமா இருக்குற பெரியவங்களுக்கு பிள்ளைங்க சளி சாதாரணமா முடியாது. ஃப்ளூ தடுப்பூசி வருஷா வருஷம் போட்டுக்கலாமான்னு அவங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கிறது நல்லது.

ஸ்டெப் 4: ஸ்டேஷன்

சின்னதை கூட்டிட்டுப் போகாதீங்க. விடியக்காலைல தூக்கத்துல எழுப்பி, பிளாட்பாரம் கூட்டத்துல ஒரு கைல பிள்ளை ஒரு கைல பெட்டின்னு நிக்குறது யாருக்கு வேணும். மூத்தது வேணும்னா வரட்டும், அவனுக்கு கோச் நம்பர் கண்டுபிடிக்கிற வேலையைக் குடுங்க. தாம்பரத்துல வண்டி கொஞ்ச நேரம் தான் நிக்கும், அதனால செங்கல்பட்டு தாண்டினதும் போன் அடிச்சு எழுப்பி, பையைக் கட்டி வைக்கச் சொல்லுங்க. இறங்குறப்ப நீங்க கோச் வாசல்ல நிக்கணும், முதல்ல பெட்டியை வாங்குங்க, ரெண்டு கையும் காலியா கம்பியைப் பிடிச்சு இறங்கட்டும். தாம்பரம் படிக்கட்டு வேணாம், லிஃப்ட் எந்தப் பக்கம்னு போறப்பவே பாத்து வச்சிடுங்க.

ஸ்டெப் 5: முதல் ஒரு மணி நேரம்

இது தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். கதவைத் திறந்ததும் ஒரே கூச்சல், நாய் குரைக்கும், மாப்பிள்ளை "வாங்க அத்தை வாங்க"ன்னு பெட்டியை வாங்குவார், பிள்ளைங்க ரெண்டு பக்கமும் சேலையைப் பிடிச்சு இழுக்கும், ஆச்சி இன்னும் செருப்பே கழட்டிருக்க மாட்டாங்க.

வரிசை இப்படி வைங்க. சேர், தண்ணி, மடி அஞ்சு நிமிஷம், பாத்ரூம், காபி, அப்புறம் தான் மத்தது. மடி அஞ்சு நிமிஷத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க, பெரியவங்க களைப்பா இருக்காங்கன்னு பிள்ளையைத் தடுத்து நிறுத்துனா அந்த ஏக்கத்துலயே நாள் பூரா சிணுங்கும். உக்காந்ததும் எங்க அம்மா ரெண்டு கையையும் விரிச்சு "எய்யா வா, எங்க ராசா... ஏட்டி நீயும் வா"ம்பாங்க, அந்த நிமிஷத்துக்கு தான் இவ்ளோ ஏற்பாடும்.

அதுக்கப்புறம் பிள்ளைங்க ஒரு காரியம் பண்ணும், வீட்டுல இருக்குற எல்லாத்தையும் கொண்டு வந்து காட்டும். ஸ்கூல் டிராயிங், புது பேக், விழுந்த பல்லு, உடைஞ்ச ரிமோட் கார். எங்க சின்னவ ஷூ ரேக்லேர்ந்து அவ செருப்பு ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து ஆச்சி மடில வச்சா, கடைசில அவ அப்பா செருப்பையும் கொண்டு வந்துட்டா. இதை நிறுத்தாதீங்க, ஆனா முறை வைங்க. மொபைல்ல டைமர் வச்சு ஆளுக்கு அஞ்சு நிமிஷம், "இப்ப அண்ணன் ஷோ, அடுத்து பாப்பா ஷோ". ஒரே நேரத்துல ரெண்டு காதுலயும் ரெண்டு கதை கேட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது, காது கொஞ்சம் மந்தமான ஆச்சிக்கு சுத்தமா புரியாது. அவங்க முகத்தைப் பாத்து பேசணும், டிவியை அமத்திட்டு பேசணும், கத்தத் தேவையில்லன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

காபி முடிஞ்சதும் ஆச்சியை ரூமுக்கு அனுப்பி கதவைச் சாத்திடுங்க, ரெண்டு மணி நேரம். பிள்ளைங்களை அப்பா கீழ பார்க்குக்குத் தள்ளிட்டுப் போகட்டும்.

ஸ்டெப் 6: பையைத் திறக்குறது

இது திருவிழா, அதனால தூங்கி எந்திரிச்ச பிறகு சாயங்காலமா வைங்க. வந்த உடனே பையைத் திறந்தீங்கன்னா பிள்ளைங்களுக்கு ஆச்சியே மறந்து போயிடும், பை தான் ஞாபகம் இருக்கும்.

நெல்லை அல்வா, கோவில்பட்டி கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு, தூத்துக்குடி மக்ரூன், தை மாசம்னா பனங்கிழங்கு, கூடவே கருப்பட்டி. இதெல்லாம் சும்மா தின்பண்டம் கிடையாது, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு பாத்து குடுக்கணும். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு முழுக் கடலையும், கடிக்க முடியாத கெட்டி மிட்டாயும் தொண்டைல மாட்டிக்கிற சாமான். உரல்ல இடிச்சுப் பொடியாக்கி ஸ்பூன்ல குடுங்க, இடிக்கிறதை ஆச்சியே உக்காந்து பண்ணுவாங்க, பிள்ளைங்க வேடிக்கை பாக்கும். மக்ரூன்ல முட்டை வெள்ளைக்கரு, முந்திரி ரெண்டும் உண்டு, அலர்ஜி இருக்குற பிள்ளைக்கும் முட்டை சேர்க்காத வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கணும். ஒரு வயசு ஆகாத குழந்தை நாக்குல தேன் தடவுற வேலை கண்டிப்பா வேணாம், அதுல இருக்குற ஒரு கிருமி பச்சைக் குழந்தை குடல்ல வளர்ந்து நரம்பைப் பாதிக்கும், "நாங்கல்லாம் தடவி தானே வளர்ந்தோம்"னு சொல்வாங்க, சிரிச்சிட்டே தேன் பாட்டிலை மேல எடுத்து வச்சிடுங்க.

பொம்மை, டிரஸ் வாங்கிட்டு வர்றதா இருந்தா ஒரே மாதிரி, ஒரே கலர், இதை ஊர்ல இருக்கப்பவே போன்ல சொல்லிடணும். ஒண்ணு சிவப்பு ஒண்ணு நீலம்னு வாங்கிட்டா ரெண்டுக்கும் சிவப்பு தான் வேணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுக்கவும் வேணாம், தினம் சாயங்காலம் பைக்குள்ள கையை விட்டு ஒரு சின்ன சாமான், ஒரு பென்சில், ஒரு ரிப்பன், அவ்ளோ தான், மறுநாள் சாயங்காலத்துக்காக நாள் பூரா நல்ல பிள்ளையா இருக்கும்.

ஸ்டெப் 7: மாத்திரைப் பை, இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க

நம்ம வீட்டுல பிள்ளைங்களுக்கு எட்டாம மருந்தை மேல வச்சிருப்போம். ஆச்சி வீட்டுல பிள்ளைங்க இல்ல, அவங்க மாத்திரை தலைமாட்டுல, கைப்பைல, சேலை முந்தில முடிஞ்சு வச்சுத் தான் பழக்கம். அதுல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கலர் கலரா மிட்டாய் மாதிரியே இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு வேளை மருந்து, மூணு வயசுப் பிள்ளைக்கு சில சமயம் ஒரே மாத்திரையே உயிருக்கு ஆபத்து, சர்க்கரை சட்டுன்னு இறங்கி மயங்கிடும், பிரஷர் விழுந்துடும்.

அதனால வந்த அன்னைக்கே, பெட்டி பிரிக்கிறப்பவே, "அம்மா உன் மாத்திரையைக் குடு"ன்னு வாங்கி பூட்டு உள்ள அலமாரில மேல் தட்டுல வச்சிடுங்க, நேரத்துக்கு நீங்களே எடுத்துக் குடுங்க. பிள்ளைங்க முன்னாடி மாத்திரையை "மிட்டாய்"னு சொல்லாதீங்க, அது ஆச்சிக்கும் சொல்லிடணும்.

மாத்திரை மட்டும் இல்ல. சேலைப் பெட்டில போட்ட அந்துருண்டை, பூஜைக்குக் கொண்டு வந்த கற்பூரம், ரெண்டும் விஷம், கற்பூரம் கொஞ்சூண்டு முழுங்கினாலும் வலிப்பு வரும். கற்பூரம், மெந்தால் கலந்த தைலத்தை ரெண்டு வயசுக்குள்ள குழந்தை மூக்குல, நெஞ்சுல தேய்க்கக் கூடாது. காது மெஷின் வச்சிருந்தா அதுல போடுற பொட்டு மாதிரி பேட்டரி தான் எல்லாத்தையும் விட பயம், முழுங்கினா உணவுக் குழாயை சில மணி நேரத்துலயே பொசுக்கிடும், பழைய பேட்டரியை மாத்தினதும் பாப்பா கைக்கு எட்டாம உடனே குப்பைக்கு அனுப்பிடுங்க.

எதையாவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத் தண்ணி குடுக்காதீங்க, அந்த அட்டையையோ டப்பாவையோ கையோட எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி, இல்ல 108. "பாப்போம், ஒண்ணும் ஆகல"ன்னு வீட்டுல உக்காந்து நேரத்தைக் கடத்துறது தான் பெரிய தப்பு.

ஸ்டெப் 8: பகல் பொழுது

காலைல பிள்ளைங்க ஸ்கூல் போயிட்டா ஆச்சிக்கு ஓய்வு, சாயங்காலம் தான் ஆட்டம். லீவு நாள்னா தான் யோசிக்கணும். நான் காலைல ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டுன்னு வச்சுக்குவேன், மத்தியானம் ஆச்சிக்கும் சின்னவளுக்கும் தூக்கம், மூத்தவனுக்கு சத்தம் இல்லாத வேலை.

உக்காந்த இடத்துலயே ஆடுற விளையாட்டு நம்மகிட்ட கொட்டிக் கிடக்கு, யாரும் புதுசா காசு குடுத்து வாங்க வேணாம். மூணு வயசுக்கு பருப்பு கடையிறது. பிள்ளை உள்ளங்கைல முழங்கையை வச்சு கடைஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்குன்னு சோறு குடுத்து, நண்டு ஊருது நரி ஊருதுன்னு கை வழியா ரெண்டு விரல் நடந்து போய் அக்குள்ல கிச்சுகிச்சு. இருபது தடவை பண்ணாலும் இன்னொரு தடவைம்பா. ஏழு வயசுக்கு பரமபதம், தாயம், பல்லாங்குழி. பல்லாங்குழில பக்கத்துக்கு ஏழுன்னு 14 குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டைன்னு வச்சா 70, ஸ்கூல்ல வராத கணக்கு இங்க தானா வந்துடும். தரைல உக்கார வேணாம், டீப்பாய் மேல பலகையை வச்சுக்கோங்க. காய்க்கு குன்றிமணி மட்டும் போடாதீங்க, சிவப்புல கருப்புப் பொட்டு இருக்குமே அது, கடிச்சு முழுங்கினா கொடிய விஷம். முழுச் சிவப்பா இருக்குறது மஞ்சாடி, அது வேற, ஆனா அதையும் சின்னது மூக்குல போட்டுக்கும், அதனால சின்னது தூங்குறப்ப தான் பல்லாங்குழி.

ஞாயித்துக்கிழமை சமையலை சேர்ந்து பண்ணுங்க, அது தான் என் கணக்குல பெஸ்ட் விளையாட்டு. எங்க ஊர் உளுந்தஞ்சோறு எடுத்துக்கோங்க. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து (தோலோட இருக்குற கருப்பு உளுந்து), அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி பூண்டு, அரை மூடி தேங்காய்த் துருவல், கொஞ்சம் சீரகம், உப்பு. உளுந்தை எண்ணெய் இல்லாம வாசம் வர வறுக்கிறது நம்ம வேலை. முந்தின ராத்திரியே பூண்டைப் பல்லு பல்லா பிரிச்சு தண்ணில போட்டுட்டா காலைல தோல் வழுக்கிட்டு வரும், அந்தக் கிண்ணத்தை ஆச்சி மடில வச்சிட்டு பிள்ளைங்க ரெண்டு பக்கம் நின்னு உரிக்கட்டும். சின்னவ ஒரு பல்லை உரிக்க எடுத்துக்கிட்ட நேரத்துல அம்மா ஒரு முழுப் பூண்டு உரிச்சு முடிச்சிட்டாங்க, ஆனா அந்த ஒரு பல்லை அவ உள்ளங்கைல பொத்திக்கிட்டு அடுப்பு வரைக்கும் கொண்டு வந்து "இது என்னோடது, இதைத் தனியா போடு"ன்னா. மூத்தவன் டம்ளர்ல அரிசி அளக்கணும், அரைன்னா எவ்ளோன்னு ஆச்சி விரல் வச்சு காட்டுவாங்க. எல்லாத்தையும் குக்கர்ல போட்டு நாலு, நாலரை டம்ளர் தண்ணி, நாலு விசில். எள்ளுத் துவையல் கூட இருந்தா வேற எதுவும் வேணாம்.

சாப்பிடுறப்ப தனித்தனி தட்டு போடாதீங்க. ஒரே பெரிய கிண்ணத்துல ஆச்சி பிசைஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை கைல வைக்கட்டும். காய்கறியை ஒதுக்கி வைக்கிற பிள்ளை கூட அந்தக் கைலேர்ந்து வர்றதை கேள்வி கேக்காம முழுங்கிடும், எனக்கு அதுல கொஞ்சம் பொறாமை கூட உண்டு.

எண்ணெய்க் குளியல் வேணும்னு பிள்ளைங்க கேட்டா, ஆச்சி ஸ்டூல்ல, பிள்ளை மணைல, பக்கத்துல நீங்க. எண்ணெய்த் தரைல ஆச்சி எந்திரிச்சு நிக்கவே கூடாது. மூக்குலயும் காதுலயும் எண்ணெய் ஊத்துற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க, மூக்குல ஊத்துற எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும்.

ஸ்டெப் 9: ராத்திரி, ஆச்சி பக்கத்துல யார் படுக்கிறது

சண்டை வர்றது நிச்சயம். ஆச்சியை நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் பிள்ளைங்கன்னு படுக்க வச்சா ராத்திரி பூரா உதை வாங்குறது அவங்க தான். ஆச்சிக்கு கட்டில், கட்டிலை ஒட்டிக் கீழ மெத்தை, பிள்ளைங்க அதுல, கட்டில்லேர்ந்து ஆச்சி கை தொங்கட்டும், அதைப் பிடிச்சிட்டு தூங்குற உரிமை மட்டும் இன்னைக்கு ஒருத்தருக்கு நாளைக்கு ஒருத்தருக்கு. ஆச்சியை தரைல படுக்க விடாதீங்க, "எனக்கு தரை தான் பழக்கம்"பாங்க, படுத்துடுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறது தான் பிரச்சினை.

கதைக்கு ராஜா ராணி கூட ரெண்டாம்பட்சம், "உங்க அம்மா சின்னப் பிள்ளைல என்ன சேட்டை பண்ணான்னா"ன்னு ஆரம்பிச்சா போதும், வீடே அமைதியாயிடும். நம்ம மானம் கொஞ்சம் போகும், போகட்டும். லைட்டை அமத்திட்டு சொல்லச் சொல்லுங்க, வெளிச்சம் இருந்தா எந்திரிச்சு நடிச்சுக் காட்டும். மூணு வயசுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தோட சேத்து 10லேர்ந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும், ஏழு வயசுக்கு 9லேர்ந்து 12, அதனால கதை எவ்ளோ நல்லா போனாலும் ஒம்போதரைக்கு மேல வேணாம். ஆச்சி நாலரைக்கு எந்திரிச்சு பாத்திரம் உருட்டுவாங்க, ஃபிளாஸ்க்ல வெந்நீரும் காபித்தூளும் ராத்திரியே எடுத்து வச்சுட்டா ஆறு மணி வரைக்கும் வீடு தூங்கும்.

ஸ்டெப் 10: "பிள்ளைய ஏன்ளா திட்டுத"

வரும். நீங்க கண்டிக்கிற நேரம் பாத்து ஆச்சி நடுவுல புகுந்து பிள்ளையை முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்குவாங்க. இதுல கொள்கைச் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. மருந்து, ரோடு, தேன் மாதிரி உயிர் சம்பந்தப்பட்டதுல நீங்க விட்டுக் குடுக்காதீங்க, மத்ததெல்லாம் ஆச்சி இருக்குற வரைக்கும் தளரட்டும். ஒரு ஐஸ்க்ரீம் கூடப் போறதால ஒண்ணும் கெட்டுப் போகாது. பேசணும்னா பிள்ளைங்க தூங்கின பிறகு பேசுங்க, அவங்க முன்னாடி அம்மாவை மறுத்துப் பேசுனா மறுநாள் பிள்ளையே ஆச்சியை மதிக்காது.

இன்னொண்ணு, இதை நான் கொஞ்சம் காட்டமாவே சொல்லுவேன். ஆச்சி வந்துட்டாங்கன்னு வேலைக்கார அம்மாவை நிறுத்திட்டு, டே கேரை நிறுத்திட்டு, நாம ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டு எட்டு மணிக்கு வர்றது இருக்கே, அது விருந்துக்கு வந்தவங்களை ஆயா ஆக்குறது. அவங்க கேக்க மாட்டாங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சிரிப்பாங்க, அடுத்த தடவை கூப்பிடுறப்ப "கால் வலிக்குதும்மா"ன்னு சொல்லி வரமாட்டாங்க. ரெண்டு பிள்ளையையும் சேத்து தனியா விட்டுட்டுப் போறது ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், போனாலும் உங்க நம்பரையும் பக்கத்து வீட்டு நம்பரையும் பெரிய எழுத்துல எழுதி சேர் பக்கத்துல ஒட்டிட்டுப் போங்க.

ஸ்டெப் 11: வெளிய போறது

ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. வண்டலூர் பூங்கா நல்லது, பேட்டரி வண்டி இருக்கு, ஆச்சி உக்காந்தே சுத்தி வரலாம், செவ்வாய்க்கிழமை லீவுன்னு மறந்துடாதீங்க. மெரினால மணல்ல நடக்கிறது முட்டிக்கு ஆகாது, ஆனா மாற்றுத்திறனாளிகளுக்காக 2022ல மரப்பாதை போட்டாங்க, அது மேல வயசானவங்களும் அலை பக்கம் வரைக்கும் போகலாம். இதெல்லாம் விட எங்க பிள்ளைங்களுக்குப் பிடிச்சது பிங்க் பஸ். 2021லேர்ந்து பெண்களுக்கு சாதாரண பஸ் இலவசம், கூட்டம் இல்லாத பதினோரு மணிக்கு ஏறி ஜன்னல் ஓரம் ஆச்சி, மடில சின்னவ, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வந்துட்டோம், எங்கயும் இறங்கவே இல்ல, பத்து ரூபா செலவில்ல.

ஸ்டெப் 12: ஊருக்குக் கிளம்புற நாள்

பிள்ளை தூங்குறப்ப சத்தமில்லாம கிளம்பிடலாம்னு ஒரு யோசனை எல்லா வீட்டுலயும் வரும், அழுகையைப் பாக்க முடியாதுன்னு. அதைப் பண்ணாதீங்க. எந்திரிச்சுப் பாத்தா ஆள் இல்லன்னா அடுத்த தடவை ஆச்சி பாத்ரூம் போனா கூட பின்னாடியே வந்து கதவுல நிக்கும். அதுக்கு தான் காலண்டர்ல போற தேதியையும் முதல்லயே காட்டச் சொன்னேன். முந்தின நாள் பை கட்டுறப்ப பிள்ளைங்களை கூட வச்சுக்கோங்க, அவங்க வரைஞ்ச ஒரு படத்தை ஆச்சி பைல அவங்களே வைக்கட்டும். அழட்டும், அழுதா என்ன, ஆச்சியும் தான் அழுவாங்க.

மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், பல்செட் டப்பா, இந்த நாலையும் நீங்க ஒரு தடவை எண்ணிப் பாத்து அனுப்புங்க. வண்டில ஏத்திட்டு எதிர் பெர்த்துல இருக்கவங்ககிட்ட "அம்மா தனியா போறாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா போதும், நம்ம ஊர் வண்டில யாராவது ஒருத்தர் நெல்லை வரைக்கும் பாத்துப்பாங்க.

அடுத்த நாளே வீடியோ கால் போடுவீங்க, பிள்ளைங்க ரெண்டு நிமிஷத்துல ஓடிடும், ஆச்சி மூஞ்சி வாடிடும். சும்மா "ஆச்சிகிட்ட பேசு பேசு"ன்னு போனை மூஞ்சில நீட்டாதீங்க. சாப்பாட்டு நேரத்துல போனை தண்ணி பாட்டில்ல சாத்தி வச்சிட்டு, அந்தப் பக்கம் ஆச்சியும் அவங்க தட்டோட உக்காரட்டும், யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு போட்டி. எங்க வீட்டுல இதுவரைக்கும் அம்மா ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல.